தீசிஸ்ல எந்த சாப்டர்ல என்னங்க வரோணும்? (காமர்ஸ், அக்ரி, தமிழ், கணக்கு எல்லாரும் வாங்க)

பனியன்ஊர் ஸ்காலர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூர்ப்பக்கம், காமர்ஸ்ல பார்ட் டைம் பிஎச்டி பண்ணிட்டு இருக்கறனுங்க. தலைப்பு, பனியன் கம்பெனில வேலை செய்யற பொம்பளைங்களோட சேமிப்பும் கடனும். டேட்டா கலெக்சன் முடிஞ்சுது, எஸ்பிஎஸ்எஸ்ல (புள்ளிவிவரக் கணக்குப் போடற சாஃப்ட்வேர்) போட்டு டேபிள் எல்லாம் எடுத்தாச்சு. இப்ப எழுத உக்காந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலைங்க. சீனியருங்க தீசிஸ் நாலஞ்சு வாங்கிப் பாத்தேன், சோத்கங்காலயும் (இந்தியத் தீசிஸ்கள் இருக்கற ஆன்லைன் களஞ்சியம்) பாத்தேன், எல்லாத்துலயும் அதே அஞ்சு சாப்டர்தான், இன்ட்ரடக்சன் அண்ட் டிசைன் ஆஃப் தி ஸ்டடி, ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர், ப்ரொஃபைல் (ஊரையும் தொழிலையும் பத்தின அறிமுகம்), அனாலிசிஸ் அண்ட் இன்டர்ப்ரடேசன், கடைசில ஃபைண்டிங்ஸ் சஜஷன்ஸ் கன்குளூசன். ஆனா வெளிநாட்டு ஜர்னல்ல வர்ற ஆர்ட்டிகிள எடுத்துப் பாத்தா வேற மாதிரி இருக்குது. அஞ்சு சாப்டர்தான் இருக்கோணும்னு ரூல் ஏதாச்சும் இருக்குதுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:
வாங்க அம்மிணி. ரூல்னு ஒண்ணும் கெடையாதுங்க. யூஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்டி விதிமுறைய மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சுப் பாருங்க, எத்தன சாப்டர்னு ஒரு வரி கூட வராது. அட்மிசன், கோர்ஸ் வொர்க், கமிட்டி, வைவா (வாய்மொழித் தேர்வு), கொறைஞ்சது மூணு வருசம், இந்தமாதிரி விசயந்தான் அதுல இருக்கும். யுனிவர்சிட்டி குடுக்கற ஃபார்மேட்டுலயும் பெரும்பாலும் மார்ஜின் எவ்வளவு, ஸ்பேசிங் எவ்வளவு, பொனாஃபைடு சர்டிபிகேட்டு எங்க வரோணும், முன்பக்கத்துக்கெல்லாம் ரோமன் நம்பர், இதான். அஞ்சு சாப்டர்ங்கறது நம்ம பக்கத்து காமர்ஸ் டிபார்ட்மென்ட்டுகள்ல ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதி எழுதி நெலைச்சுப் போன பழக்கம்.

ஆர்ட்டிகிள் வேற மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்க, கொஞ்சம் உத்துப் பாத்தீங்கன்னா உள்ளுக்குள்ள ரெண்டும் ஒரே எலும்புதான். இன்ட்ரடக்சன், மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கசன், இதைச் சுருக்கி இம்ராட்னு சொல்லுவாங்க. எதுக்கு இந்த வேலைல எறங்கனோம், எப்புடிப் பண்ணோம், என்ன கெடைச்சுது, கெடைச்சதுக்கு என்ன அர்த்தம். அந்த நாலு கேள்விக்கும் உங்க அஞ்சு சாப்டர்லயும் எடம் இருக்குது, ஆனா மெத்தட்ஸ் மொத சாப்டர்ல போய் ஒளிஞ்சுக்குது, டிஸ்கசன் நெறையப் பேருக்குக் காணாமலே போயிருது. நான் படிக்கற தீசிஸ்கள்ல எனக்கு மனசு கஷ்டப்படற எடம் அதுதான்.

இந்த வடிவம் ஆதியிலருந்து வந்ததும் இல்லைங்க. 1665ல லண்டன்ல ஃபிலசாபிக்கல் ட்ரான்சாக்சன்ஸ் ஆரம்பிச்சப்ப அதுல வந்ததுல நெறைய, கடுதாசி எழுதற மாதிரித்தான், நான் இன்னதப் பாத்தேன், அப்பறம் இன்னது நடந்துச்சு, இப்புடி வரிசையா. லான்செட், பிஎம்ஜே மாதிரி மெடிக்கல் ஜர்னல்கள்ல 1940கள்ல இம்ராட் மெதுவா நுழைஞ்சு 1980கள்ல ஆராய்ச்சிப் பேப்பர்னா அது மட்டுந்தான்னு ஆச்சு. நடுவுல 1972ல அமெரிக்காவுல அத ஸ்டாண்டர்டாவே எழுதி வெச்சாங்க. பேப்பருங்க எண்ணிக்கை ஏகமாப் பெருகிப் போனப்ப, படிக்கறவங்க தனக்கு வேண்டியத எங்க தேடறதுன்னு தெரிஞ்சாகோணும், அந்தத் தேவைக்கு இந்த அமைப்பு நொம்பப் பொருந்துச்சு.

மஞ்சக்காடு:
எங்க அக்ரி பக்கம் ஆறா இருக்குங்க அக்கா. இன்ட்ரடக்சன், ரிவ்யூ, மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கசன், சம்மரி அண்ட் கன்குளூசன். ரிசல்ட்ஸையும் டிஸ்கசனையும் தனித்தனியா வெக்கறதால ஒரு நல்லது என்னன்னா, கையில கெடைச்சது எது, நாம நெனைக்கறது எதுன்னு கலந்து போகாது.

ஒரு உதாரணம் சொல்றேன், மஞ்சள்ல பிஎஸ்ஆர் 2 ரகம் போட்டு சொட்டுநீர்ல உரம் குடுக்கற ட்ரையல்னு வெச்சுக்கங்க. மெத்தட்ஸ்ல மண்ணு என்ன மண்ணு, பிஎச் எவ்வளவு, எந்தப் பட்டத்துல நட்டது, எடைவெளி எவ்வளவு, ஆர்பிடி டிசைனா (காட்டப் பகுதி பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ட்ரீட்மென்ட்ட குலுக்கிப் போடற முறை), எத்தன ரெப்ளிகேசன் (எத்தன தடவ திருப்பிப் போட்டது), எல்லாம் வந்தாகோணும், அதப் படிச்சுப்போட்டு இன்னொருத்தர் தன்னோட காட்டுல அதே ட்ரையலப் போடற அளவுக்கு. ரிசல்ட்ஸ்ல "டி4ல (நாலாவது ட்ரீட்மென்ட்) விளைச்சல் எச்சா வந்துச்சு, ஆனா டி3க்கும் டி4க்கும் உள்ள வித்தியாசம் சிடி வேல்யூவ (வித்தியாசம் நெசந்தான்னு சொல்ல வேண்டிய கொறைஞ்ச அளவு) விடக் கம்மி, அதனால ரெண்டும் ஆன் பார் (சமம்)" அத்தோட நிறுத்திக்கோணும். ஏன் டி4 நல்லா வந்துச்சு, கெழங்கு பெருக்கற சமயத்துல பொட்டாஷ் சரியாக் கெடைச்சதாலயா, இதுக்கு முந்தி பண்ணவங்களுக்கும் இப்புடித்தான் வந்துச்சா, இல்லைன்னா ஏன் இல்லை, டி3யே போதும்னா வெவசாயிக்கு எவ்வளவு செலவு மிச்சம், இதெல்லாம் டிஸ்கசன்ல. இதைக் கலந்து எழுதுனா எங்க எக்ஸாமினர் ஒத்துக்கவே மாட்டாருங்க.

கோபி தமிழச்சி:
அக்காவுக்கு வணக்கம். நான் தமிழ்த்துறை. எங்களுது டேபிள், டெஸ்ட் எதுவும் இல்லாத தீசிஸ், ஆனா அமைப்பு கறாரா இருக்கும். முன்னுரையிலயே ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, மூலங்கள், முன்னாய்வுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு எல்லாம் சொல்லிப்போடோணும். அப்பறம் இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு. இதுல எனக்குப் பிடிச்சது "ஆய்வு எல்லை". நான் எதப் பத்திப் பேசப் போறதில்லைன்னு மொதல்லயே சொல்லிப்போடறது எத்தன பெரிய காப்பு தெரியுங்களா, வைவாவுல வர்ற பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் இருக்கும்.

இன்னொண்ணு சொல்லியே ஆகோணும். பெருந்துறைகிட்ட சீனாபுரத்த பவணந்தி முனிவரோட ஊருன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல, அவரோட நன்னூல்ல பாயிரத்துக்கு என்னென்ன வேணும்னு எட்டு சொல்லியிருக்காரு. ஆக்கியோன் பேரு, வழி, எல்லை, நூல் பேரு, யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். யாரு எழுதுனது, யாரோட வழியில வருது, எதுவரைக்கும் இது செல்லும், என்ன பொருள், யாருக்கு, என்ன பிரயோசனம். ஒரு நல்ல முன்னுரைல இன்னைக்கும் நாம தேடறதுல பாதிக்கு மேல அதுல இருக்குதுங்க. நூலுக்கு வர்ற பத்துக் குற்றமும் அங்கயே வருது, கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல்னு. சென்று தேய்ந்து இறுதல்னா ஆரம்பத்துல வேகமாப் போயி போகப்போகத் தேஞ்சு அப்புடியே முடிஞ்சு போறது. மொத ரெண்டு சாப்டர் நூறு பக்கம், கடைசி சாப்டர் ஆறு பக்கம்னு வர்ற தீசிஸ்களுக்கு இதவிடப் பொருத்தமா யாராலயும் சொல்ல முடியாது.

பனியன்ஊர் ஸ்காலர்:
நொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கோபி அம்மிணி சொன்னது அப்புடியே மனசுல நின்னுபோச்சு. நொய்யல்கரை அண்ணா, எனக்கு இருக்கற சிக்கல் என்னன்னா டேபிள் மட்டும் எண்பதுக்கு மேல இருக்குதுங்க. வயசு, படிப்பு, கல்யாணம் ஆனவங்களா, சொந்த வீடா வாடகையா இப்புடி ஒவ்வொண்ணுக்கும் பர்சண்டேஜ், அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் கை ஸ்கொயர் (ரெண்டு விசயத்துக்கும் தொடர்பு இருக்குதான்னு பாக்கற டெஸ்ட்டு), அப்பறம் காரட் ரேங்கிங் (சொன்ன பதில்கள்ல எது மொதல், எது ரெண்டாவதுன்னு வரிசைப்படுத்தற முறை). எல்லாத்தையும் நாலாவது சாப்டர்ல போடறதுங்களா?

நொய்யல்கரை:
போடாதீங்க அம்மிணி. மொதல்ல ஒரு பெரிய தாள எடுத்துக்கங்க, இல்லைன்னா எக்செல்ல ஒரு ஷீட்டு. மொதக் கட்டத்துல உங்க ஆப்ஜெக்டிவ் ஒவ்வொண்ணையும் எழுதுங்க. அதுக்கு நேரா, கேள்வித்தாள்ல எந்தக் கேள்வி அதுக்கானது. அதுக்கு நேரா, எந்த டெஸ்ட்டு. அடுத்தது டேபிள் நம்பர். கடைசிக் கட்டத்துல அதுலருந்து கெடைச்ச பதில் ஒரே ஒரு வாக்கியத்துல. உதாரணத்துக்கு "வாரச் சம்பளக்காரங்க எந்த வழில சேமிக்கறாங்கன்னு பாக்கறது" இது ஒரு ஆப்ஜெக்டிவ்னா, கேள்வி 14லருந்து 19, காரட் ரேங்கிங், டேபிள் 4.21, "சீட்டு மொதல்லயும் பேங்க் அக்கவுண்ட் அதுக்குப் பொறவும் வருது" இப்புடி ஒரு வரி (உங்க ரிசல்ட்டு என்னமோ அத எழுதுங்க, நான் சும்மா மாதிரிக்குப் போட்டேன்).

இப்ப அந்தத் தாள்ல எங்கயும் எடம் கெடைக்காம நிக்கற டேபிளுங்க இருக்கும் பாருங்க, அதெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும். வயசு, படிப்பு, குடும்பம் எல்லாத்துக்கும் சேத்து ஒரே டேபிள், ஒரு பக்கத்துல, போதும். சொந்த வீட்டுக்கும் சீட்டுக்கும் கை ஸ்கொயர் போட்டு சிக்னிஃபிகண்ட்னு (தற்செயலா வந்ததில்லைன்னு எடுத்துக்கற அளவு) வந்துச்சுன்னா, அது உங்க கேள்விக்கு எதாச்சும் பதில் சொல்லுதான்னு கேளுங்க, சொல்லலைன்னா அது அனாலிசிஸ் கெடையாது. போதாததுக்கு அத்தன டெஸ்ட் போட்டா, அஞ்சு பர்சண்ட் லெவல்ல நூத்துக்கு அஞ்சு தற்செயலாவே சிக்னிஃபிகண்ட்னு வந்து நிக்கும், வெவரமான எக்ஸாமினர் அதத்தான் மொதல்ல கேப்பாரு.

தறியில பாவு அறுந்தா துணி நிக்காதுங்கற மாதிரி ஆப்ஜெக்டிவ் மொத சாப்டர்லருந்து கடைசி சாப்டர் வரைக்கும் அறுபடாம ஓடியாகோணும். மூணு ஆப்ஜெக்டிவ்னா மூணுக்கும் மெத்தட்ஸ்ல வழி, ரிசல்ட்ஸ்ல பதில், டிஸ்கசன்ல அர்த்தம், அதே வரிசைல. தலைப்புக் கூட அதே வரிசைல குடுங்க. நான் ஒரு தீசிஸ் கையில வந்தா மொத சாப்டர்ல ஆப்ஜெக்டிவ்ஸ் பக்கத்தப் படிச்சுப்போட்டு நேரா கடைசி சாப்டருக்குத்தான் போவேன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசுனா பொறவு நடுவுல இருக்கறத நிம்மதியாப் படிப்பேன்.

மூணாவது சாப்டர் ப்ரொஃபைல், அத எடுத்துப்போடலாம்னு என்னோட கருத்து. திருப்பூர் வரலாறு, மாவட்டத்து பரப்பளவு, மழையளவு, எத்தன தாலுக்கா, இதெல்லாம் எதுக்குங்க? பக்கம் நெரப்பற வேலை.

சேலம் ரோடு:
நொய்யல்கரை அண்ணா, இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேனுங்க. வெளி மாநிலத்து எக்ஸாமினருக்கு திருப்பூர் வேலை எப்புடின்னு எப்புடித் தெரியும்? ஒன்றரை ஷிஃப்ட்னா என்ன, பீஸ் ரேட்டுக்கும் ஷிஃப்ட் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம், செக்கிங்ல இருக்கற பொம்பளைக்கும் ஓவர்லாக் ஓட்டற பொம்பளைக்கும் கூலி ஏன் ஒண்ணா இல்லை, சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வர்றப்பவே வாரச்சீட்டும் குழு லோனும் எப்புடிக் கழிஞ்சு போகுது, இத எல்லாம் சொல்லாம சேமிப்பு பத்தின டேபிளக் காட்டுனா அவருக்கு அது வெறும் நம்பர். மழையளவு வேண்டாம், சரி. சம்பளம் எப்புடி வருதுங்கறது வேணும். ப்ரொஃபைல் சாப்டர தூக்காதீங்க, அத திருத்தி எழுதுங்க.

நொய்யல்கரை:
நீங்க சொல்றது நாயந்தானுங்க தம்பி. அப்புடின்னா கணக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். மூணாவது சாப்டர்ல ஒரு விசயம் வந்தா அத நாலாவது, அஞ்சாவது சாப்டர்ல எங்கயாச்சும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கோணும். வாரச் சம்பளம் பத்தி எழுதுனா, டிஸ்கசன்ல "வாரா வாரம் காசு வர்றதால மாசத் தவணை போடற திட்டத்துல சேர மாட்டேங்கறாங்க" இந்தமாதிரி ஒரு எடத்துல அது வேலை செய்யோணும். 2011ல ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைங்கள மூடுனது பெரிய விசயந்தான், நம்ம ஆளுங்க எழுதுன பாதித் தீசிஸ்ல வருது, ஆனா அதனால உங்க ஆளுங்களோட கடன் ஏறுச்சான்னு நீங்க கேட்டிருந்தாத்தான் உங்க தீசிஸ்ல அதுக்கு எடம்.

அவினாசி ரோடு ஆங்கிலம்:
ரிவ்யூ பத்தி யாரும் பேசலையே, அதான் எல்லாரும் வழுக்கற எடம். நான் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட், ஸ்காலருங்களுக்கு எழுதப் பழக்கற வேலை. நம்ம ரிவ்யூ சாப்டர் பெரும்பாலும் எப்புடி இருக்கும்னா, ஒருத்தர் 2011ல மதுரைல நூத்தம்பது பேர்கிட்ட கேட்டு இதச் சொன்னாரு, அடுத்த பத்தி, இன்னொருத்தர் 2012ல புனேல அதச் சொன்னாரு, அடுத்த பத்தி... வருச வரிசைல அறுபது பத்தி, கடைசில "எனவே ஆய்வு இடைவெளி உள்ளது"னு ஒரே வரி. அந்த அறுபது பத்தியும் அந்தக் கடைசி வரிக்கு ஒத்தாசை பண்றதே இல்லைங்க.

ஆள் பேர வெச்சு அடுக்காதீங்க, கேள்விய வெச்சு அடுக்குங்க. "சம்பளம் கூடுனா சேமிப்பு கூடுதா" இது ஒரு கேள்வி, அதுக்கு ஆமான்னு சொன்னவங்க எல்லாரும் ஒரு பத்தில, இல்லைன்னு சொன்னவங்க அடுத்த பத்தில, ரெண்டு பேருக்கும் ஏன் வேற வேற பதில் வந்துச்சு, ஒருத்தர் மாசச் சம்பளக்காரங்ககிட்டக் கேட்டாரு, இன்னொருத்தர் தெனக்கூலிக்காரங்ககிட்டக் கேட்டாரு, அதனாலயான்னு மூணாவது பத்தில நீங்க பேசுங்க. வாரச் சம்பளக்காரங்ககிட்ட யாருமே கேக்கலைன்னு அங்க தானா வந்து நிக்கும். அதான் உங்க எடைவெளி, இடைவெளி உள்ளதுன்னு தனியாச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஜான் ஸ்வேல்ஸ்னு ஒரு மொழியியல்காரர் ஆர்ட்டிகிளோட இன்ட்ரடக்சன்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1990ல எழுதியிருக்காரு, நல்ல இன்ட்ரடக்சன் மூணு நகர்வுல போகுதாம். மொதல்ல இந்த நெலம் முக்கியம்னு காட்டறது, பொறகு அதுல இன்னும் யாரும் உழாத எடம் ஒண்ணு கெடக்குதுன்னு காட்டறது, கடைசில அந்த எடத்துல நான் எறங்கறேன்னு சொல்றது. உங்க சப்ஜெக்ட்ல நல்ல ஜர்னல் ஒண்ண எடுத்து நாலு பேப்பரோட இன்ட்ரடக்சன்ல இந்த மூணும் எந்த வரில ஆரம்பிக்குதுன்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க, ஒரு பொழுது உக்காந்தா போதும், அப்பறம் உங்களுக்கே கை வந்துரும்.

கணக்கு ஈரோடு:
எங்க சப்ஜெக்ட்ல இந்த இம்ராட் எல்லாம் செல்லாதுங்க, மேத்ஸ் பேப்பர்ல டெஃபினிசன், லெம்மா (துணைத் தேற்றம்), தியரம், ப்ரூஃப். மெத்தட்ஸ்னு தனிச் செக்சன் கெடையாது, ப்ரூஃப்தான் மெத்தட்டு. எங்க ஊர்ல பொறந்த ராமானுஜன் ஹைலி காம்போசிட் நம்பர்ஸ் (தன்னவிடச் சின்ன எந்த எண்ணையும் விட எச்சா வகுத்திகள் உள்ள எண்கள்) பத்தி 1915ல லண்டன் மேத்தமெடிக்கல் சொசைட்டில போட்ட பேப்பரப் பாத்தீங்கன்னா 1, 2, 3னு நம்பர் போட்ட சின்னச் சின்னப் பகுதியாவே 52 வரைக்கும் போகும், அந்த வேலைக்குத்தான் 1916ல கேம்பிரிட்ஜ்ல அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் கெடைச்சுது. சொசைட்டிகிட்டக் காசு பத்தாததால மிச்சப் பகுதிய அப்ப அச்சுல போடல, அது 1997லதான் வெளிய வந்துச்சு. 1953ல டிஎன்ஏ அமைப்பப் பத்தி வாட்சனும் கிரிக்கும் நேச்சர்ல எழுதுனது ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல, அதுலயும் மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ்னு தலைப்பே இல்லை. அதனால எந்த வடிவமா இருந்தாலும் படிக்கறவரு ஒவ்வொரு படியையும் தானே சரிபாக்க முடியுதாங்கறதப் பாருங்க, அதுக்கு வழி விட்டா எந்த வடிவமும் நல்ல வடிவந்தான்.

மஞ்சக்காடு:
கணக்கு அண்ணா சொன்னது நல்லா இருக்குது, ஆனா அக்கா, நம்ம மாதிரி ஆளுங்க டிபார்ட்மென்ட் வழக்கத்த விட்டு ஏகத்துக்கு வெளிய போயிராதீங்க, கைடுகிட்டக் கேட்டுக்கங்க. எழுதற வரிசை மட்டும் படிக்கற வரிசையா இருக்க வேண்டியதில்லை. மெத்தட்ஸ மொதல்ல எழுதுங்க, அது நீங்க பண்ண வேலை, யோசிக்கவே வேண்டாம், கை நகந்துரும். அப்பறம் டேபிள எல்லாம் முடிவு பண்ணிட்டு ரிசல்ட்ஸ், அப்பறம் டிஸ்கசன், அதுக்குப் பொறகு இன்ட்ரடக்சன். அப்ஸ்ட்ராக்ட் கட்டக்கடைசி. அதுல பாதிய "பெண்கள் நாட்டின் கண்கள்"னு பின்னணிலயே செலவு பண்ணிராதீங்க, எத்தன பேர்கிட்டக் கேட்டீங்க, எப்புடித் தேர்ந்தெடுத்தீங்க, என்ன கெடைச்சுது, நம்பரோட வரோணும். நெறையப் பேரு அப்ஸ்ட்ராக்ட் மட்டுந்தான் படிப்பாங்க.

பனியன்ஊர் ஸ்காலர்:
அந்தத் தாளப் போட்டுப் பாத்துட்டேனுங்க அண்ணா. டேபிள் பாதிக்கு மேல அக்கட்டால போயிருச்சு, கையில இருபத்தெட்டு நிக்குது, ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குதுன்னு இப்ப என்னால சொல்ல முடியுது, மனசே லேசான மாதிரி இருக்குது. கைடுகிட்டயும் பேசிட்டேன், ஆறு சாப்டரா வெச்சுக்கச் சொல்லிட்டாங்க, இன்ட்ரடக்சன், கேள்வி வாரியா ரிவ்யூ, மெத்தட்ஸ் தனியா, திருப்பூர் வேலையும் சம்பளமும், ரிசல்ட்ஸ், டிஸ்கசனும் முடிவும். இன்னும் ரெண்டு சந்தேகம். இதுலருந்து ஒரு ஆர்ட்டிகிள் எடுத்தா அது ப்ளேஜியாரிசம் (எழுத்துத் திருட்டு) ஆயிருமா? பின்னிணைப்புல என்னென்ன வெக்கறது?

நொய்யல்கரை:
2018 யூஜிசி விதிப்படி மத்த எழுத்தோட ஒப்புமை பத்து பர்சண்ட் வரைக்கும் தண்டனை இல்லை, அதத் தாண்டி நாப்பது வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கோணும், அறுபதத் தாண்டுனா பதிவே ரத்து. துணைநூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம், மேற்கோள் குறியோட காட்டுன பகுதி இதெல்லாம் கணக்குல சேராது. உங்க சொந்த ஆர்ட்டிகிளா இருந்தாலும் எங்க வந்ததுன்னு தீசிஸ்ல தெளிவாச் சொல்லிப்போடுங்க, சொல்லாம விடறதையும் தப்புன்னு 2020ல யூஜிசி அறிவிப்பே குடுத்திருக்குது. ஆர்ட்டிகிளுக்கு மொத்த தீசிஸையும் சுருக்காதீங்க, ஒரே ஒரு ஆப்ஜெக்டிவ எடுங்க, அதுக்குண்டான ரிவ்யூ நாலு பத்தி, மெத்தட்ஸ் ஒரு பக்கம், ரெண்டு மூணு டேபிள், டிஸ்கசன். 2022 விதில பேப்பர் கட்டாயம் இல்லைன்னு எடுத்துட்டாங்க, ஆனாலும் உங்க யுனிவர்சிட்டில என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கங்க.

பின்னிணைப்புல கேள்வித்தாள் வரோணும், தள்ளி வெச்ச டேபிள்கள் வரோணும்.

சேலம் ரோடு:
கேள்வித்தாள் இங்கிலீஷ்ல மட்டும் வெக்காதீங்க அக்கா. அந்தப் பொம்பளைங்ககிட்ட நீங்க தமிழ்லதான கேட்டீங்க? செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டே பதில் சொன்னவங்ககிட்ட எந்த வார்த்தைல கேட்டீங்களோ அந்தத் தமிழ்க் கேள்வித்தாளையே அப்புடியே வெய்ங்க, இங்கிலீஷ் அதுக்கு அடுத்தாப்புல. அப்பத்தான் நாளைக்கு கரூர்லயோ ஈரோட்டுலயோ இதே ஸ்டடி பண்ற பொண்ணு அத எடுத்து அப்புடியே பயன்படுத்த முடியும்.

பனியன்ஊர் ஸ்காலர்:
சரிங்க தம்பி, ரெண்டும் வெச்சர்றேன். தமிழ் ஃபைல் யூனிகோட்ல இல்லைங்க, பழைய ஃபாண்ட்டுல அடிச்சது, மாத்திப்போட்டுத்தான் சேக்கோணும். இன்னைக்குப் பொழுதோட மெத்தட்ஸ்ல உக்காரறேன், சேம்ப்ளிங் பகுதி எழுதுனதும் இங்கயே போடறேன், பாத்துச் சொல்லுங்க.